பிரேதத்தில் கழற்றிய கல்

கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது பிரமிளாவின் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழே முக்காலுக்குள் முப்பத்திரண்டு பெட்டிகளும் முடிந்துவிடும். தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்கக் கூடாது, துணியில்தான் தெளிக்க வேண்டும். விளிம்பால் ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் மூவாயிரம் வருசத்துச் சாமானுக்குக் கேடு என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு கையில் ஈரத் துணி, மற்றக் கையில் காய்ந்த துணி. முந்தின நாள் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கை அழுத்திப் பார்த்த அடையாளங்கள் இடுப்பளவு உயரத்தில் வரிசையாக இருக்கும். அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் துடைப்பாள்.

கிளார்க்கன்வெல்லில் ஒடுங்கிய தெரு ஒன்றில் இருக்கிற நான்கு மாடி வீடு அது. நூறு வருசத்துக்கு முன்னர் ஒரு தேயிலைக் கம்பெனி முதலாளி இருந்த வீடு. இலங்கைத் தேயிலையில் உழைத்ததை எகிப்தில் கொண்டுபோய்ச் செலவழித்து, வாங்கிச் சேர்த்ததையெல்லாம் வீட்டோடு சேர்த்து எழுதி வைத்துவிட்டு மனிதர் செத்துப்போனார். இப்போது அது மியூசியம்.

"எங்கட ஆக்கள் கொழுந்து கிள்ளின காசு" என்பாள் றொசானா. கீழ் இரண்டு மாடிகளும் அவளுடைய பொறுப்பு.

"உங்கட ஆக்கள் எப்பயடி கொழுந்து கிள்ளினவை? பாசையூரில நண்டெல்லோ பிடிச்சவை" என்று பிரமிளா படிக்கட்டில் நின்று கேட்பாள்.

மூன்றாம் மாடி முழுவதும் தாயத்துகள். செத்தவர்களைச் சீலையால் சுற்றும்போது மடிப்புகளுக்கிடையில் வைத்துக் கட்டிய கல்லுகள். பச்சைக் கல்லில் வண்டு. சிவப்புக் கல்லில் முடிச்சு. கறுப்புக் கல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு விரல்கள். இரும்பு போல மினுங்குகிற கல்லில் தலைக்கு முட்டுக் கொடுக்கும் சின்னக் கட்டை. பெரும்பாலானவை ஒரு புளியங்கொட்டை அளவுதான். கழுத்துக்கு எது, நெஞ்சுக்கு எது, குடலை எடுக்க வயிற்றைக் கிழித்த இடத்துக்கு எது என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. இதெல்லாம் பிரமிளாவுக்குப் பின்னால் மகள் சொல்லித் தெரிந்தவை. அதுவரை, ஒன்பது வருசம், எல்லாமே அவளுக்கு ஊரில் மந்திரம் எழுதிக் கட்டுகிற அச்சரக்கூடுகள்தான். எழுதியிருந்ததை வாசிக்க அவள் மினக்கெடவில்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்ததற்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை.

கோப்பாயிலிருந்து தொண்ணூற்றேழில் வந்தவள். வந்த அடுத்த வருசம் கம்சிகா பிறந்தாள். கணவன் லோகேஸ்வரன் இல்போர்ட்டில் ஒரு பெற்றோல் செட்டில் நின்றான். பதினாறு வருசம் நின்று, நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஒரு பிள்ளைதான். செவன் கிங்ஸில் மேல்மாடி வீடு. பிரமிளா சமைத்திருக்கிறாள், வயதானவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறாள், பொதி கட்டியிருக்கிறாள், கடைசியாக இந்த மியூசியத்துக்கு ஆள் அனுப்புகிற கம்பெனியில் சேர்ந்தாள்.

கம்சிகா ஏழு வயதில் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். எங்கள் வீடுகளில் இது புதிதில்லை. டாக்டரிடம், கவுன்சிலில், பாங்கில், தாய் தமிழில் சொல்லப் பிள்ளை மேசை விளிம்புக்கு மேலால் எட்டிப்பார்த்து ஆங்கிலத்தில் சொல்லும். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் அங்கேயும் அவள்தான். ஒருமுறை ரீச்சர் ஐந்து நிமிடம் முகத்தைச் சுருக்கி, விரலை மடக்கி மடக்கிக் கதைத்தார்.

"நான் நல்ல கெட்டிக்காரியாம், அம்மா. கொஞ்சம் கூடக் கதைக்கிறனாம்" என்றாள் கம்சிகா.

"ஐஞ்சு நிமிசமாக் கதைச்சது உவ்வளவோ?"

"இங்கிலிஷ் நீளம், அம்மா."

மூன்று கிழமையாக வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று ரீச்சர் சொன்னது பிரமிளாவுக்கு அப்போதே விளங்கியது. வீட்டுக்கு வந்து கணவன் லோகனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மகளிடம் கேட்கவில்லை. போகப்போக ஆங்கிலம் முழுவதும் விளங்கத் தொடங்கிய பிறகும், வாயைத் திறந்தால் சொற்கள் முண்டியடித்து நின்றுவிடுவதால், மகளே கதைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மகள் தன்னை எப்படி ஆங்கிலத்தில் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் அவளுக்கு ஒரு சந்தோசமும் இருந்தது. வேலையிடத்திலும் "நோ இங்கிலிஷ்" என்று சொன்னால் வசதி. விளங்காத ஆளிடம் யாரும் மேலதிகமாக ஒரு வேலை சொல்வதில்லை. அம்மாவுக்கு எவ்வளவு விளங்கும் என்பதைத் தாயும் மகளும் ஒருநாளும் கதைத்ததில்லை.

கம்சிகா படித்து, அதற்கு மேலும் படித்து, இரண்டு வருசத்துக்கு முன்னர் இதே மியூசியத்துக்குப் பயிற்சி வேலைக்கு வந்தாள். பழைய சாமான்களைத் துப்புரவாக்கி, படம் எடுத்து, பதிந்து வைக்கிற வேலை. விண்ணப்பம் போட்டபோது அவள் தாயிடம் சொல்லவில்லை. கிடைத்த பிறகுதான் சொன்னாள். பிரமிளா இல்போர்ட் பிள்ளையார் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கலாமா என்று ஐயரிடம் விசாரித்தாள்.

கம்சிகாவின் முதல் நாள், காலை ஒன்பது மணிக்குத் துப்புரவு வேலை முடிகிற நேரம். பிரமிளா வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். எதிரே, மேலதிகாரி ஹிலரி கம்சிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுசி, எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறவர். "இது பிரமிளா, இவர் இல்லாவிட்டால் நாங்கள் தூசுக்குள் மூழ்கிவிடுவோம். இது கம்சி, எங்கள் புதிய ஆள்" என்றார்.

பிரமிளா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கம்சிகா கையை நீட்டி, "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஈரக் கையை மேலங்கியில் துடைத்துவிட்டுத்தான் பிரமிளா அந்தக் கையைப் பிடித்தாள்.

பின்னேரம் போன் வந்தது. "அம்மா, குறை நினைக்காதேங்கோ. ஒரே இடத்தில சொந்தக்காரர் வேலை செய்யக்கூடாது எண்டு றூல் இருக்கு. தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பிரச்சினை."

"அதுக்கென்ன, பிள்ளை. நான் மூச்சு விடன்."

விடவில்லை. விரதம் பிடிப்பதுபோல் பிடித்தாள். அவர்களுடைய பெயர்களும் அதற்கு உதவி செய்தன. பிரமிளாவின் கடதாசிகளில் அவளுடைய அப்பாவின் பெயர், வைத்தியலிங்கம். கம்சிகாவின் கடதாசிகளில் அவளுடைய அப்பாவின் பெயர், லோகேஸ்வரன். வெள்ளைக்காரருக்கு அதில் ஒரு தாயும் மகளும் இருப்பது தெரிய வழியில்லை. றொசானாவுக்குத்தான் மூக்கில் வேர்த்தது.

"உந்தப் புதுப் பிள்ளையின்ர மூக்கை எங்கயோ கண்டிருக்கிறன், பிரமிளாக்கா."

"எங்கட பக்கத்தில எல்லாருக்கும் உந்த மூக்குத்தான். ஒரு அச்சில வார்த்தது."

"அப்ப அந்த அச்சு இப்ப செவன் கிங்ஸிலயோ?"

"உன்ர மாடியைப் பார் நீ. ரொய்லட்டில பேப்பர் இல்லையாம்."

கம்சிகா வேறு இரண்டு பெண்களோடு வோல்தம்ஸ்ரோவில் அறை எடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். மற்ற நாட்களில் பிரமிளா ஒரு வழி கண்டுபிடித்தாள். மியூசியக் குசினியின் பிரிட்ஜில், கீழ்த் தட்டில், பழைய யோகட் டப்பாவில் புட்டோ இடியப்பமோ வைத்துவிட்டு வருவாள். மறுநாள் காலை டப்பா கழுவித் தொட்டியருகே கவிழ்த்துக் கிடக்கும். ஒருநாள் பிரமிளாவின் வேலை பிந்தி முடிந்தபோது, ஹிலரி குசினியில் நின்று, "கம்சி, உன் சாப்பாடு எப்போதும் என்ன வாசம்! நீயே சமைக்கிறாயா?" என்று கேட்பது கதவுக்கு வெளியே கேட்டது.

"ஓம், நான்தான்" என்றாள் கம்சிகா ஆங்கிலத்தில்.

றூல் இருக்கிறதே, வேறு என்ன சொல்வாள் என்று பிரமிளா நினைத்துக்கொண்டாள்.

இந்த வருசம் மாசியில் கம்சிகாவுக்கு மூன்றாம் மாடித் தாயத்துகளை ஒப்படைத்தார்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தூசு தட்டிப் பதிய வேண்டும். அது ஒழுங்காக முடிந்தால் ஆடி மாதத்தில் வேலை நிரந்தரமாகும். ஒரு ஞாயிறு, கணவாய்க் கறியோடு சோற்றைப் பிசைந்துகொண்டே கம்சிகா போனில் படம் காட்டினாள். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் கடைந்த ஒரு சின்னக் குடம், இரண்டு பக்கமும் காது வைத்து.

"இது என்ன, கொள்ளிக்குடமோ?"

"நெஞ்சு, அம்மா. ஹார்ட். அவையள் ஹார்ட்டை இப்பிடித்தான் செய்யிறவை. செத்தாப் பிறகு அங்க ஒரு கோர்ட் இருக்காம். ஹார்ட்டைத் தராசில வைச்சு நிறுப்பினமாம். அப்ப அது சொந்தக்காரனைப் பற்றி ஏதும் பிழையாச் சொல்லிப்போடாமல் இருக்கிறதுக்குத்தான் இந்தக் கல்லு. பின்னால எழுதியிருக்கு, எனக்கு எதிராச் சாட்சி சொல்லாத எண்டு."

"நல்ல கதை. செய்யிறதையும் செய்துபோட்டு நெஞ்சுக்கும் வாய்ப்பூட்டு." பிரமிளா இன்னும் இரண்டு துண்டு கணவாயை மகளின் சோற்றுக் கோப்பையில் போட்டாள். "அது சரி, இதுகளைப் பிரேதத்தில இருந்து ஆர் கழட்டினது?"

"ஆர்க்கியோலஜிஸ்ற்."

"கழட்டினவன் பிறகு தலைக்குத் தோஞ்சவனோ?"

"அம்மா!"

"கேக்கிறன். செத்தவீட்டுக்குப் போய் முத்தத்தில நிண்டிட்டு வந்தாலே தோய வேணும். இது பிரேதத்தின்ர நெஞ்சில கிடந்த சாமான். அதைக் கையில பிடிச்சுக்கொண்டு நாள் முழுக்க இருக்கிறாய்."

"கையுறை போடுறனான்."

"செத்தவீட்டுத் துடக்குக்குக் கையுறை தெரியுமோ?"

கம்சிகா சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள். பிரமிளாவும் சிரித்தாள். ஆனால் பங்குனியில் கம்சிகாவின் இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாகத் தடித்தது. பிறகு காய்ச்சல், விட்டு விட்டு மூன்று கிழமை. டாக்டர் வைரஸ் என்றார். கன்னம் ஒட்டிப்போய், சாப்பாட்டு டப்பா பாதியோடு திரும்பி வந்தது. பிரமிளா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இங்கேயுள்ள எங்கள் வீடுகளில், கதவுக்கு வெளியே ஒரு சோடாப் போத்தலில் மஞ்சள் தண்ணீர் வைத்திருப்பார்கள். ஊரில் கிணற்றடி இருந்தது. இங்கே செத்தவீட்டுக்குப் போய் வந்தால் இரண்டு கை மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போக வேண்டியதுதான். லோகன் செத்த வருசம் கம்சிகாவே அந்தப் போத்தலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று வந்தவர் போனவர்களுக்கெல்லாம் தெளித்திருக்கிறாள்.

சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பிரமிளா ஒரு சின்ன இருமல் மருந்துப் போத்தலில் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டு முதல் றெயினில் போனாள்.

கம்சிகாவின் வேலை அறையில் அவளுக்குக் கூட்டவும் குப்பைக் கூடையை எடுக்கவும் மட்டும்தான் அனுமதி. மேசையில் கை வைக்கக் கூடாது. அங்கே வேலை செய்கிறவர்கள் பக்கமும் ஓர் ஒழுங்கு இருந்தது. பின்னேரம் போகிற ஆள் சாமான்களைப் பெட்டியில் வைத்து, மூடி, அலுமாரிக்குள் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அன்றைக்கு மேசையில் ஒரு பெட்டி மூடாமல் கிடந்தது. உள்ளே வெள்ளைப் பஞ்சில் அந்த வெள்ளைக் குடம். வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு வேலை செய்த பிள்ளை மறந்துபோய்விட்டது என்று பிரமிளாவுக்கு விளங்கியது. மூடிவிடலாம் என்று கை போனது. மேசையில் கை வைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வர, கையை இழுத்துக்கொண்டாள். பதினொரு வருசத்தில் அந்த ஒழுங்கை அவள் மீறியதில்லை.

வாசற்படியில் தெளித்தாள். நான்கு மூலைக்கும் தெளித்தாள். கடைசியாக மகள் இருந்து வேலை செய்கிற கதிரைக்குத் தெளித்தாள். கதிரை மேசையோடு ஒட்டி இருந்தது. பிள்ளையாரப்பா, பிள்ளையைக் காப்பாற்று என்று சொல்லி விரலை உதறியதில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நிலத்தைத் துடைத்துவிட்டு, பிரிட்ஜில் டப்பாவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நெஞ்சுப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

செவ்வாய் காலை டப்பா தொடாமல் இருந்தது. புதனும் அப்படியே. போன் அடித்தாள், கம்சிகா எடுக்கவில்லை. காய்ச்சல் கூடிவிட்டதோ என்று பிரமிளா தவித்துக்கொண்டிருந்தாள். வியாழன் ஒன்பது மணிக்கு ஹிலரி மூன்றாம் மாடிக்கு வந்து, ஒரு கதிரையைக் காட்டுவதுபோல் கையால் சைகை செய்து, தன் அறைக்குக் கூப்பிட்டார்.

அறைக்குள் கம்சிகா இருந்தாள். மேசையின் அந்தப் பக்கம், ஹிலரிக்குப் பக்கத்தில். காய்ச்சல் இல்லை. தலை இழுத்துக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, முன்னால் ஒரு கொப்பி. பிரமிளாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மணிக்கட்டைப் பார்த்தாள், தடிப்பு வற்றியிருந்தது. மஞ்சள் வேலை செய்திருக்கிறது என்று நினைத்தாள்.

ஹிலரி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். உங்கள் கம்பெனி மொழிபெயர்ப்பாளரை அனுப்ப இரண்டு கிழமை ஆகும் என்கிறார்கள், கம்சிக்குத் தமிழ் தெரியும் என்பதால் அவரைக் கேட்டேன், உங்களுக்குச் சம்மதமா என்றார். பிறகு முன்னால் இருந்த படிவத்தைப் பார்த்து, கம்சிகாவிடம் திரும்பினார்.

"இதை ஒருக்கால் கேட்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் உறவினரா? அப்படியென்றால் ஒன்றுமில்லை, வேறு ஆளை ஒழுங்கு செய்யலாம். என் சொந்தத் தங்கையே கீழே நூலகத்தில்தான் வேலை செய்கிறாள், இங்கே யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை."

பிரமிளா மகளைப் பார்த்தாள். அப்படியொரு றூல் இந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு வருசமாக மூச்சு விடாமல் காத்தது எதை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் இப்போது சொல்லிவிடலாம். இப்போது ஒரு சொல் சொன்னால் போதும், மிச்சமெல்லாம் ஓடிப்போய்விடும். எதற்குக் கூப்பிட்டார்களோ அதுவும் போகட்டும், வேலையும் போகட்டும்.

"இல்லை" என்றாள் கம்சிகா.

ஹிலரி படிவத்தில் ஒரு சரி போட்டார்.

மேசையில் ஒரு பெரிய படத்தை வைத்தார். வெள்ளைக் குடம். அதன் வயிற்றில் மூன்று இடத்தில் கறை. மூன்றும் தேய்த்து இழுபட்டு, ஒரு பக்கம் முழுக்கப் பரவி, செங்கல் நிறத்தில் இருந்தது. பிரமிளா குனிந்து பார்த்தாள். தன் கை நீண்டது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பிறகு நிறத்தைப் பார்த்தாள். அவள் தெளித்தது மஞ்சள். மஞ்சள் சும்மா சிவக்காது. கறி பட்ட சட்டையில் சவர்க்காரம் போட்டால்தான் இந்த நிறம் வரும். அதைத் தெரிந்துகொள்ள யாரும் பட்டம் படிக்க வேண்டியதில்லை. யாரோ இதற்குச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அதுவும் பயந்து, அவசரமாக.

கம்சிகா கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை படிக்கட்டுக் கமெராவில் இவர் கையில் ஒரு சின்னப் போத்தல் தெரிகிறது. அதில் என்ன இருந்தது என்று கேள்" என்றார் ஹிலரி.

"போத்தலுக்க என்ன இருந்தது எண்டு கேக்கினம்" என்றாள் கம்சிகா. யார் கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள் என்று இல்லாமல், சுவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"மஞ்சள் தண்ணி. உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளை." பிரமிளாவின் வாயில் அந்த மரியாதை தானாக வந்தது. தான் பெற்றதை அவள் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. "அறைக்குத்தான் தெளிச்சனான். கதிரைக்குத் தெளிக்கேக்க தெறிச்சிருக்கு. அது என்ர பிழைதான்."

"மஞ்சள் கலந்த தண்ணீராம். ஒரு சமயச் சடங்காம்" என்றாள் கம்சிகா ஆங்கிலத்தில்.

ஹிலரி எழுதினார். முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "பெட்டி மூடியிருந்ததா, திறந்திருந்ததா? இது முக்கியம், கம்சி. உனக்கும் முக்கியம்."

"பெட்டி மூடிக் கிடந்ததோ, திறந்து கிடந்ததோ எண்டு கேக்கினம்." இந்த முறை கம்சிகா நிமிர்ந்தாள். அந்தக் கண் பிரமிளாவுக்குத் தெரிந்த கண். ஏழு வயதில், ரீச்சரின் மேசையடியில், விளங்கிக்கொள்ளாதேங்கோ அம்மா என்று கெஞ்சிய கண்.

ஒருவேளை கேட்டிருந்தால் பிரமிளா பொய் சொல்லியிருப்பாள். முந்தின நாள் போன் எடுத்து, அம்மா, நான் மறந்துபோனன், பூட்டேல்லை, நீங்கள்தான் திறந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ என்று கேட்டிருந்தால், கோயிலில் சூடம் கொளுத்தியும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

"திறந்துதான் கிடந்தது" என்றாள்.

கம்சிகா ஹிலரியின் பக்கம் திரும்பினாள். "உள்ளே பார்க்கிற ஆசையில் தானே திறந்ததாகச் சொல்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில்.

வெளியே பஸ் ஒன்று நின்று போனது. பிரமிளா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது.

"பிறகு அதைத் துடைக்கப் பார்த்தாரா? யாரோ எதையோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அதனால்தான் கறை உள்ளே இறங்கிவிட்டது. துளிகளை அப்படியே விட்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்."

கம்சிகா அதைத் தமிழில் சொன்னாள். பிரமிளா மகளை நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். உரத்துச் சொல்லவில்லை. குசினியில் நின்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"நான் தொடேல்லை. மஞ்சள் கறைக்குச் சவுக்காரம் போட்டா சிவக்கும், பிள்ளை. வெயிலில வைச்சாத்தான் போகும். உங்கட வெள்ளை யூனிபோர்முக்கு எத்தினை தரம் வெயிலில போட்டு எடுத்திருப்பன். பாத்துக்கொண்டிருந்தும் நீங்கள் பழகேல்லை."

ஹிலரி கம்சிகாவைப் பார்த்தார். நீளமான பதில்.

"பயந்துபோய், தன்னுடைய துப்புரவுத் திரவத்தால் துடைத்தாராம்" என்றாள் கம்சிகா. "மிகவும் வருந்துவதாகச் சொல்கிறார்."

தமிழும் நீளம்தான் என்று பிரமிளா நினைத்தாள். வேறு ஒரு நாளாக இருந்தால், வேறு ஓர் ஆளைப் பற்றியதாக இருந்தால், லோகனும் இருந்தால், சொல்லிச் சிரித்திருக்கலாம்.

அவள் வாயைத் திறந்து ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். சொற்கள் இருந்தன. முண்டியடிக்காமல் வரிசையாகவே நின்றன. பெட்டி, திறந்து, மகள், சவர்க்காரம் என்று நாலு சொல் காணும். ஹிலரி நியாயமான மனுசி, கேட்டிருப்பார். பிரமிளா அந்த நாலு சொல்லையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த வெள்ளைக் குடத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹிலரி பேனாவை மூடினார். வருத்தத்தோடுதான் சொன்னார். கம்பெனிக்கு எழுத வேண்டியிருக்கும். அவர்கள் வேறு இடம் தரலாம், தராமலும் விடலாம். நாளையிலிருந்து இங்கே வர வேண்டாம். நுழைவு அட்டையை மட்டும் தந்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருசம் நன்றாகச் செய்தார், அதையும் சொல்.

கம்சிகா சொன்னாள். எல்லாவற்றையும், ஒரு சொல் விடாமல், சரியாக.

பிரமிளா எழும்பி, கழுத்தில் கிடந்த நாடாவைத் தலைக்கு மேலால் கழற்றினாள். கொண்டையில் கொளுவிக்கொண்டது. கம்சிகாவின் கை பழக்கத்தில் மேசையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி, திரும்பப் படுத்துக்கொண்டது. பிரமிளா தானே எடுத்துவிட்டு, அட்டையைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அட்டையில் பதினொரு வருசத்துக்கு முந்தின முகம், மூக்கு மட்டும் அப்படியே.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை வருவீங்களோ, பிள்ளை? கணவாய் வாங்கவோ, விடவோ?"

ஹிலரி நிமிர்ந்து பார்த்தார். "என்ன கேட்கிறார்?"

கம்சிகா கொப்பியின் மூலையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்சி? என்ன கேட்கிறார்?"

பிரமிளா, பதினொரு வருசமாகச் சாத்துகிற மாதிரியே, பிடியைத் திருகிப் பிடித்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.